பிள்ளைப்பேறு வேண்டும் பெண்ணின் அச்சம்: வைத்தியமும் நியாயமும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



எம்மை அரசியல் மேடைகளிலே கண்டு பழகிய உங்களுக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது வியப்பைத் தரக்கூடும். பிள்ளைப்பேறு வேண்டிச் சிகிச்சை பெறும் பெண்ணொருத்தி, சத்திர சிகிச்சைக் கூடத்துக்குள் செல்லுமுன் கொள்ளுகின்ற அச்சமானது, அவளுக்குக் கொடுக்கப்படும் மயக்க மருந்தையும் அச்சிகிச்சையின் பலனையும் எவ்வாறு பாதிக்கின்றது என்பதே அப்பொருள். இது வைத்தியர் பேசவேண்டிய விஷயமல்லவா, சட்டத்தரணிக்கு இங்கே என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நியாயமான கேள்வியே. நாம் மருந்து சொல்ல வரவில்லை. வைத்திய அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டவற்றைச் சான்றாக முன்வைத்து, அச்சான்றிலிருந்து எத்தகைய தீர்ப்பு நியாயமாகும் என்பதையே சொல்ல வந்தோம்.

தீர்ப்பு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்களிலே இவ்விஷயத்தில் தீர்ப்பு முன்னரே வழங்கப்பட்டுவிடுகிறது. சிகிச்சை பலிக்கவில்லையென்றால், “அவள் பயந்து நடுங்கிக்கொண்டு போனாள், அதனாற்றான் தங்கவில்லை” என்று மாமியார் சொல்லுவார். அயலார் ஆமோதிப்பர். கணவன் மௌனமாயிருப்பான். ஈற்றில் அந்தப் பெண்ணும் அதனை நம்பிவிடுவாள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தைக் கேளாமலும், சான்று எதனையும் நோக்காமலும் வழங்கப்பட்ட இத்தீர்ப்பை இன்று நாம் மேன்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

இது எங்கோ ஒரு சிலருக்கு உரிய துன்பம் என்று கருதவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை அனுபவிக்கின்றார். குறை பெண்ணிடத்தில் மாத்திரமே உள்ளது என்பதும் தவறு. பிள்ளையில்லாத தம்பதிகளுட் பெரும் பகுதியினரிடத்தில் ஆணின் குறையும் தனித்தோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. ஆயினும் குறை யாரிடத்தில் இருப்பினும், ஊசி ஏற்றிக்கொள்பவளும் கட்டிலில் ஏறுபவளும் பெண்ணே. அச்சமும் அவளுடையது; பழியும் அவளுடையது.

சிகிச்சையின் முறை

முதலிலே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். உடலுக்கு வெளியே கருவாக்கிப் பிறந்த முதற் குழந்தை, 1978 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25 ஆம் தேதி இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரிலே பிறந்தது. வைத்தியர் ஸ்டெப்டோ, விஞ்ஞானி எட்வேர்ட்ஸ், தாதியும் ஆய்வுகூட வல்லுநருமாகிய பேர்டி அம்மையார் ஆகிய மூவரின் நீண்டகால உழைப்பின் பயன் அது. அக்காலத்திலே வயிற்றில் துளையிட்டு, குழாய்க் கருவியைச் செலுத்தி, முழு மயக்கத்திலேயே பெண்ணின் முட்டையை எடுத்தனர். இன்று அந்தச் சிரமம் இல்லை. ஸ்கான் கருவியின் உதவியோடு, பிறப்புறுப்பின் வழியாக நீண்ட ஊசியொன்றைச் சூலகத்துட் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கின்றனர். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துள் முடிந்துவிடும். பெண் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

சிறிய காரியந்தானே என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஊசி செல்லும் வழியருகே இரத்தக் குழாய்களும் குடலும் உள்ளன. பெண் அசையாது கிடத்தல் வேண்டும். வலியும் உண்டு. ஆகவேதான் நரம்பு வழியே உறக்கம் தரும் மருந்தும் வலி நீக்கும் மருந்தும் கொடுக்கின்றனர். புரொப்போஃபோல் என்பது முதல் வகை. ஃபென்டனில் என்பது இரண்டாம் வகை. அச்சத்தைத் தணிக்க மிடசோலம் என்ற மருந்தையும் சில இடங்களிற் சேர்ப்பர். வேறு சில இடங்களில் கருப்பைக் கழுத்தருகே மரப்பு ஊசி போடுவர். எல்லாப் பெண்களுக்கும் சிறந்தது என்று ஒரு முறையை மாத்திரம் சுட்ட முடியவில்லை என்றும், ஒரே மருந்தை நம்புவதிலும் இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்துக் கையாளுவது வலியை நன்கு தணிக்கின்றது என்றும், 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு கூறுகின்றது.

இச்சிகிச்சைக்கு மற்றச் சத்திர சிகிச்சைகளுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. முட்டைகள் முதிர்வதற்கான இறுதி ஊசியைப் போட்டபின், ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் அவற்றை எடுத்துவிடல் வேண்டும். காலந் தாழ்த்தினால் முட்டைகள் தாமாகவே வெளியேறிவிடும். பல நாட் போட்ட ஊசிகளும் செலவழித்த பணமும் வீணாகும். முற்றிய நெல்லை அறுக்கும் நாளைத் தள்ளிப்போட்டாற் கதிர் உதிருமென்பதைக் கமக்காரராகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே, “இன்றைக்குப் பயமாயிருக்கிறது, வருகிற கிழமை வருகிறேன்” என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. அவளுடைய அச்சத்தைக் கேட்டறிய வேண்டிய இடம் சத்திர சிகிச்சைக் கூடத்தின் வாசல் அன்று. முதன்முதல் வைத்தியரைக் காணச் செல்லும் நாளிலேயே அது கேட்கப்படல் வேண்டும். இன்று நாம் சொல்லவிருப்பவற்றுள் முக்கியமானது இதுவே.

அச்சம் மயக்க மருந்தைப் பாதிக்குமா?

முதலாவது கேள்விக்கு விடை: ஆம், பாதிக்கக்கூடும்.

அச்சங்கொண்ட உடலில் அதிரீனலின் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன. நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், தசைகள் இறுகும். உறங்கவைக்கும் மருந்துக்கு எதிராக உடல் விழித்துக்கொண்டு நிற்கின்றது எனலாம். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பெண்களிடத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், அச்ச சுபாவம் மிகுந்தோரை உறங்கச் செய்வதற்கும் அவ்வுறக்கத்திலே வைத்திருப்பதற்கும் புரொப்போஃபோல் கூடுதலாகத் தேவைப்பட்டமை காணப்பட்டது. அதே ஆய்வு நுட்பமான வேறொன்றையுங் காட்டியது. அன்று காலையில் தோன்றிய படபடப்பைவிட, நெடுநாளாக மனத்திற் குடிகொண்ட கவலையே மருந்தின் அளவோடு தொடர்புடையதாக இருந்தது. பின்வந்த ஆய்வுகள் யாவும் ஒரே அளவான வேறுபாட்டைக் கண்டன என்று சொல்வதற்கில்லை. எனினும் அச்சம் மிகுந்தவரிடத்திலே மருந்தின் அளவை மிகக் கவனமாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பதை மயக்க மருந்து வைத்தியர்கள் தம் அன்றாட அனுபவத்திலேயே அறிவார்கள்.

கூடுதலாகக் கொடுத்துவிட்டாற் போகிறது என்று எண்ணலாகாது. அம்மருந்து மிகுந்தால் மூச்சுத் தளரும்; இரத்த அழுத்தம் வீழும்; விழித்தெழுதல் தாமதமாகும். குறைந்தாலோ பெண் வலியால் அசைவாள். ஊசி தவறான இடத்தைத் தொடக்கூடும். உறக்க மருந்து முட்டையைச் சூழ்ந்த நீரிலுஞ் சேர்கின்றது என்றும், நேரம் நீளநீள அவ்வளவு கூடுகின்றது என்றும் 1999 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு கண்டது. அதனாற் கர்ப்பம் தரிப்பது குறைந்துவிடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதுபற்றி எவரும் கலங்கவேண்டியதில்லை. ஆயினும் தேவைக்கு மேல் மருந்து ஏற்றாதிருத்தல் எந்த வைத்தியத்திலும் நல்லதே.

அப்படியாயின் அச்சத்தைத் தணிப்பதற்கு வழி என்ன? அதற்கும் மருந்துதானா? 1963 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையிலே ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்திர சிகிச்சைக்கு முன்னர், மயக்க மருந்து வைத்தியர் நோயாளியிடஞ் சென்று இருந்து, நடக்கப்போவதை எடுத்துக் கூறியதனால் உண்டான அமைதியையும், உறக்க ஊசியினால் உண்டான நிலையையும் ஒப்பிட்டனர். ஊசி பெற்றவர் அரைத்தூக்கத்தில் இருந்தார். பேச்சைக் கேட்டவரோ மன அமைதியோடு இருந்தார். மறு ஆண்டில், 1964 இல், அதே வைத்தியர் குழுவினர் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலையொன்றில் வயிற்றுச் சத்திர சிகிச்சை பெற்ற 97 பேரை ஆராய்ந்தனர். எவ்வாறு வலிக்கும், வலித்தால் என்ன செய்யலாம் என்று முன்னரே விளக்கமும் ஊக்கமும் பெற்றோர், பின்னர் கேட்ட வலி மருந்து மற்றையோர் கேட்டதிற் பாதியே. வீடு திரும்பியதும் சராசரியாக 2.7 நாள் முந்தியே.

இவை பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையைக் குறித்த ஆய்வுகள் அல்ல. எனினும் மனித மனம் ஒன்றுதானே! ஒரு வைத்தியர் பக்கத்திலே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து பேசும் பத்து நிமிடத்துக்கு மருந்தின் வலிமை உண்டு. அதற்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

அச்சம் கருவைக் கெடுக்குமா?

இனி, ஊரார் வழங்கிய தீர்ப்புக்கு வருவோம். பெண் அஞ்சினமையாற் கரு தங்காமற் போகுமா?

சான்றுகளை எடைபோடும்போது நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கும். சம்பவம் நிகழுமுன் எழுதிவைத்த குறிப்புக்கு ஒரு மதிப்பு. எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து சொல்லும் வாக்குமூலத்துக்கு வேறு மதிப்பு. தோல்வியுற்ற பெண்ணிடம், “அன்று நீ பயந்தாயா?” என்று பின்னர் கேட்டால், துக்கத்தில் மூழ்கிய அவள், “ஆம், மிகவும் பயந்தேன், அதனாற்றான் இப்படியாயிற்று” என்றே சொல்லுவாள். அது சான்றாகாது. சிகிச்சை தொடங்குமுன்னரே அவளுடைய மனநிலையை அளந்து எழுதிவைத்து, முடிவு தெரிந்தபின் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையாகும்.

அம்முறையிலே நடந்த 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3,583 பெண்களின் விவரங்களைப் பரிசீலித்த தொகுப்பாய்வொன்று 2011 ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. சிகிச்சைக்கு முன்னர் பெண்ணுக்கிருந்த மன வேதனை, அச்சிகிச்சையில் அவள் கர்ப்பந்தரிப்பதையோ தரிக்காதுவிடுவதையோ நிர்ணயிக்கவில்லை என்பது அதன் முடிவு. அதே ஆண்டில் 31 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழுவினர், மிகச் சிறிய தொடர்பு ஒன்றைக் கண்டனர். இரண்டையும் நேர்மையாக உங்கள்முன் வைக்கின்றோம். ஒன்று தொடர்பில்லை என்கின்றது. மற்றது இருந்தாலும் அற்பமே என்கின்றது. பெண்ணின் வயது, முட்டைகளின் தரம், ஆணின் விந்தின் நிலை ஆகிய பெருங்காரணங்களின் முன்னே அந்த அற்பத் தொடர்பைத் தூக்கிப்பிடித்து, ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி? மழை பொய்த்துப் பயிர் வாடியபோது, விதைத்த கமக்காரன் கவலைப்பட்டதனாற்றான் பயிர் வாடிற்று என்று சொல்வாருண்டோ?

இதனோடு சேர்த்து இன்னொன்றையுஞ் சொல்லவேண்டும். “மனத்தை அமைதியாக வைத்திரு, எல்லாஞ் சரிவரும்” என்று உறவினர் சொல்வது அன்பினாலேதான். ஆனால் அச்சொல்லைக் கேட்டவள், தன் அச்சத்துக்கே அஞ்சத் தொடங்குகிறாள். ‘நான் பயப்பட்டுவிட்டேனே, இனிக் கரு தங்காதே’ என்ற இரண்டாவது அச்சம் முதலாவதின்மேல் ஏறிக்கொள்கிறது. அன்புள்ளவர்கள் சொல்லவேண்டியது வேறு. “பயப்படுவது இயல்பு, பயந்தாலும் பிள்ளை தங்கும்” என்று சொல்லுங்கள். அது ஆறுதல் மாத்திரமன்று, ஆய்வாளர் கண்ட உண்மையுமாகும்.

அச்சம் உண்மையிற் செய்யுங் கேடு

அச்சத்தினால் நேருங் கேடு வேறொரு வழியில் வருகின்றது. ஒருமுறை சிகிச்சையிற் பலன் கிட்டாதோர் எல்லா நாடுகளிலும் ஏராளம். இரண்டாவது, மூன்றாவது முறையிலே பலன் பெற்றவர் பலர். ஆனால் மறுமுறை செல்லவேண்டிய இடத்திலே, பணமிருந்தும், வைத்தியர் நம்பிக்கை கூறியும், சிகிச்சையை இடையிற் கைவிடுவோர் உண்டு. ஏன் கைவிட்டீர்கள் என்று வினவிய ஆய்வுகளில், மனச்சுமை முக்கியமான காரணங்களுள் ஒன்றாக மீண்டும் மீண்டும் வந்துள்ளது. இதனை உணர்ந்தே ஐரோப்பிய மனித இனப்பெருக்க வைத்தியச் சங்கம் 2015 ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, மனநலப் பராமரிப்பை இச்சிகிச்சையின் அன்றாடப் பகுதியாக ஆக்குமாறு நிலையங்களைக் கேட்டுக்கொண்டது.

முதன்முறை கட்டிலிலே வலியாற் கத்தியவள், அவமானப்பட்டவள், என்ன நடக்கிறது என்று தெரியாமற் கிடந்தவள், மறுபடியும் அவ்விடத்துக்குச் செல்வாளா? அவளைப் பொறுத்தவரையிற் சிகிச்சை முடிந்துவிட்டது. கரு தங்காமைக்கு அச்சம் காரணமன்று. ஆனால் அவள் திரும்பிப் போகாமைக்கு அதுவே காரணமாகின்றது.

வலியை அச்சம் என்று தள்ளிவிடும் அநியாயம்

பெண்ணின் அச்சத்தைப்பற்றி இவ்வளவு பேசும்போது நேரக்கூடிய ஓர் ஆபத்தை மறைக்கலாகாது. “இவள் பயந்த சுபாவம் உள்ளவள்” என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டால், அதன்பின் அவள் சொல்லும் உண்மையான வலியும் அச்சத்தின் கணக்கிலே எழுதப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலே, யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிள்ளைப்பேற்று வைத்திய நிலையத்தில் 2020 ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அங்கு பணியாற்றிய தாதியொருவர், ஃபென்டனில் குப்பிகளைத் திருடித் தாம் பயன்படுத்திக்கொண்டு, அவற்றுள் உப்புநீரை நிரப்பி மீண்டும் வைத்துவிட்டார். அவ்வாண்டு ஜூன் முதல் ஒக்டோபர் வரை அங்கு பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட அம்மருந்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 75 பங்கு இவ்வாறு கலப்படஞ் செய்யப்பட்டது என விசாரணையில் வெளியாயிற்று. வலி மருந்து ஏற்றப்பட்டுவிட்டது என்று ஏட்டிலே பதிவாகியிருக்க, பெண்கள் வெறும் உப்புநீரோடு ஊசியைத் தாங்கினார்கள்.

வலிக்கிறது என்று அவர்கள் சொல்லாமல் இல்லை. கட்டிலிலே சொன்னார்கள், வீட்டுக்குச் சென்றபின்னுஞ் சொன்னார்கள். பெண்கள் பலர் ஒரே முறைப்பாட்டை ஒரே நிலையத்திலே மாதக்கணக்காகச் சொல்லியும், அச்சொற்கள் ஒன்றுசேர்த்துப் பார்க்கப்படவில்லை. ஈற்றில் உண்மை வெளிவந்தது ஒரு மருந்துக் குப்பியின் மூடி தளர்ந்திருந்தமையால்! மனுஷியின் வாய்ச்சொல்லுக்குக் கிடையாத கவனம் குப்பியின் மூடிக்குக் கிடைத்தது. அத்தாதி 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்கு வார இறுதிகளைச் சிறையிற் கழிப்பதும், மூன்று மாத வீட்டுக் காவலும், மூன்று ஆண்டுக் கண்காணிப்பும் அவருக்கு விதிக்கப்பட்டன. பல்கலைக்கழகம் 2022 இல் 308,250 டொலரை அந்நாட்டு அரசுக்குச் செலுத்தி இணக்கத்துக்கு வந்தது.

செல்வத்திலும் கல்வியிலும் முதலிடம் பெற்ற நாட்டிலே, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் நிழலிலே இது நடந்தது. ஆகவே எந்த நாட்டு வைத்தியசாலையிலும், “வலிக்கிறது” என்று ஒரு பெண் சொன்னால், முதலில் மருந்தைச் சோதியுங்கள், ஊசியைச் சோதியுங்கள், அளவைச் சோதியுங்கள். அவளுடைய மனத்தைச் சோதிப்பது அதன் பின்னரே.

சட்டம் சொல்வது

சட்டத்தின் பக்கமாகச் சில சொற்கள் கூறுவோம். ஸ்கொட்லாந்திலே நீரிழிவு நோயும் குறுகிய உடலும் கொண்ட ஒரு தாய், தன் குழந்தை பெரிதாயிருக்கிறதே, இயற்கையாகப் பெற முடியுமோ என்ற அச்சத்தை வைத்தியரிடம் தெரிவித்தார். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது பத்து என்பதை வைத்தியர் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றை அறுத்தெடுக்குமாறு கேட்பார் என்பதே வைத்தியர் கூறிய காரணம். 1999 ஆம் ஆண்டிற் பிறந்த அக்குழந்தை பெரும் ஊனத்தோடு பிறந்தது. மொன்ட்கொமரி வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கிலே, ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2015 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் தேதி தாயின் சார்பில் தீர்ப்பளித்தது. அந்த நோயாளியின் நிலையிலுள்ளவர் முக்கியமெனக் கருதக்கூடிய அபாயத்தை வைத்தியர் தாமாகவே சொல்லவேண்டும்; சரியான கேள்வியைக் கேட்கவில்லை என்று அச்சங்கொண்ட நோயாளியின்மீது குறை கூறலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எமது நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயம் எல்லை கடந்தது.

மேலும், சம்மதப் பத்திரத்திலே கையொப்பம் வாங்கும் நேரமும் முக்கியமானது. அச்சத்தைத் தணிக்கும் மருந்தை ஏற்றியபின், நினைவு மங்கிய நிலையில் வாங்கும் கையொப்பம் சம்மதமாகாது. தெளிந்த புத்தியோடு, விளங்கும் மொழியில், கேள்வி கேட்க அவகாசந் தந்து வாங்குவதே சம்மதம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினாலே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. தமிழ்ப் பெண்ணொருத்தி தனக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட பத்திரத்திலே கையொப்பமிடும்போது அவளுக்கு உண்டாகும் அச்சத்தை எந்த மருந்து தணிக்கும்?

இன்னொன்று. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குக் கூறுங் காரணங்கள் மூன்று: பிறர்மனை சேர்தல், வேண்டுமென்றே கைவிட்டு நீங்குதல், விவாக காலத்திலேயே தீராத உடலுறவு இயலாமை. பிள்ளை இல்லாமை அவற்றுள் ஒன்றன்று. “இம்முறையும் தங்காவிட்டால் உன்னை விலக்கிவிடுவான்” என்று எவரேனும் பயமுறுத்தினால், அச்சட்டத்தின் கீழ் அப்படியொரு காரணமே இல்லை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். அவள் கட்டிலுக்குக் கொண்டுசெல்லும் அச்சங்களுள் ஒன்றாவது அன்றே குறையும்.

செய்யவேண்டியவை

குறை கூறி விட்டுவிடுவது எமது வழக்கமன்று. செய்யக்கூடியவை இவை.

ஒன்று: முதல் வருகையிலேயே பெண்ணின் அச்சத்தைக் கேட்டு எழுதுதல். 1996 ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரத்து வைத்தியர்கள் இதற்கென ஆறே கேள்விகள் கொண்ட பத்திரம் ஒன்றை வகுத்தனர். நான்கு கேள்விகள் மயக்க மருந்தையும் சத்திர சிகிச்சையையும் பற்றிய அச்சத்தை அளக்கும். இரண்டு கேள்விகள், எவ்வளவு விவரம் அறிய விரும்புகிறீர்கள் என்று வினவும். அவ்விரண்டும் அருமையானவை. எல்லாவற்றையும் அறிந்தாற்றான் சிலருக்கு அமைதி. அதிகம் அறிந்தாற் சிலருக்குக் கலக்கம். இக்கேள்விகளைத் தமிழிலே கேட்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டு: முட்டை எடுக்கும் நாளுக்கு முன்னரே மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்கும் வாய்ப்பு. முன்னர் மயக்க மருந்தினால் தொல்லை ஏற்பட்டதா, உறக்க மாத்திரை பாவிக்கிறாரா, எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்பனவெல்லாம் அங்கே தெரியவரும்.

மூன்று: தமிழில் எழுதிய ஒரு துண்டுத்தாள். எத்தனை மணி முதல் உண்ணலாகாது, எதுவரை நீர் அருந்தலாம் என்பன அதில் இருத்தல் வேண்டும். இலேசான உணவுக்கு ஆறு மணித்தியாலமும், தெளிந்த நீருக்கு இரண்டு மணித்தியாலமும் பொதுவான விதி. பாலைத் தண்ணீர்க் கணக்கிற் சேர்க்கவேண்டாம். படபடப்பிலே விடியற்காலையிற் பால் தேநீர் குடித்துவிட்டு, சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைத்தால், மயக்கத்திலே அது மேலெழுந்து மூச்சுப்பையிற் புகக்கூடும். குடித்திருந்தாற் குடித்தேன் என்று சொல்லுங்கள், எவருங் கோபிக்கக்கூடாது.

நான்கு: வலி என்று சொன்னால், அதனை நேரத்தோடு ஏட்டிற் பதிதல். ஒரே நிலையத்தில் முறைப்பாடுகள் கூடினால் அவற்றை ஒன்றுசேர்த்து விசாரித்தல்.

ஐந்து: பலன் கிட்டாதபோது, பணக் கணக்கோடு அனுப்பிவிடாமல், தம்பதிகள் இருவரையும் அழைத்து அமர்த்திப் பேசுதல். “உங்கள் அச்சத்தினால் இது நேரவில்லை” என்ற வசனத்தை வைத்தியரின் வாயாலேயே சொல்லுதல்.

இங்கே வந்திருக்கும் வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் எமது வேண்டுகோள் இவ்வைந்துமே. உங்கள் கிளினிக்கிலே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும், உங்களுக்கு இருக்கும் நேரத்தையும் நாம் அறியாதவர்களல்லோம். ஆறு கேள்விகளை ஒரு தாதியோ, பயிற்றப்பட்ட தொண்டரோ கேட்கலாமே.

கமக்காரராகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. காணியை ஈடுவைத்துப் பிள்ளைக்கும் மருமகளுக்கும் சிகிச்சைக்குப் பணங் கொடுக்கின்றீர்கள். பெருந்தன்மைதான். ஆனால் அந்தப் பணத்தை அவள் தலையிலே சுமத்தி, “காணி போய்விடும், கவனம்” என்று அனுப்பாதீர்கள். ஈட்டுக் கடனின் அச்சத்தையுஞ் சேர்த்துக்கொண்டு அவள் அந்தக் கட்டிலில் ஏறவேண்டியதில்லை. போகும்போது கணவன் கூடப் போகட்டும். கூடத்தின் வாசல்வரை நிற்கட்டும். விழித்தெழும்போது அவள் காணும் முதல் முகம் அவனுடையதாக இருக்கட்டும்.

தாய்மாரே! உங்களிடத்திலே கடைசியாகச் சொல்லுகின்றோம். ஊரிலே வழங்கிய தீர்ப்பை எழுதியவர்கள் பெரும்பாலும் நீங்களே என்று சொன்னாற் கோபியாதீர்கள். அதனை மாற்றி எழுதக்கூடியவர்களும் நீங்களே. மருமகள் வெறுங்கையோடு வைத்தியசாலையிலிருந்து திரும்பும் நாளிலே, “பயந்தாயா?” என்று கேளாமல், “நன்றாக வலித்ததா, பிள்ளை?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை இருந்து கேளுங்கள். மறுமுறை அவள் போவதும் போகாமல் விடுவதும் அநேகமாக அந்த நாளிலேயே தீர்மானமாகின்றது.